யாரும் தூக்கக் கூடாது

ஹிராமினே என்ற திராட்சை ஊருக்குப் போக யசுயோ சம்மதித்தாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

“யாரும் என்னைத் தூக்கக் கூடாது. ஒரு தடவைகூட. யாரோட கையாவது என் அக்குளுக்குள்ள வந்துச்சுன்னா, அந்த நிமிஷமே வீட்டுக்குத் திரும்பிடுவேன். அப்புறம் நீங்க என்னை எந்த ஊருக்கும் கூப்பிடக் கூடாது.”

சொன்னால் சொன்னதுதான் என்கிற ரகம் யசுயோ. அவளோடு குடும்பம் நடத்தித் தலை நரைத்த இசாவோவுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் “சரி” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதுகுத்தண்டில் ரத்தம் அடைத்து யசுயோவின் கால்கள் இரண்டும் போய் இரண்டு வருஷமாகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் தெருமுனை நூடுல்ஸ் கடைக்கு இசாவோ அவளைக் கூட்டிப்போனார். வாசலில் இரண்டு படி. கடைக்காரர் ஓடிவந்தார், சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் எழுந்து வந்தார்கள், “ஹேய்ஸ்!” என்று ஒன்றாகக் கூவி நாற்காலியோடு அவளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். பாவாடை தொடைக்கு ஏறிக்கிடந்தது. கடை முழுக்கக் கைதட்டியது. யசுயோ கிண்ணத்தில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தலை குனிந்து நன்றி சொன்னாள், வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் அவள் போனதில்லை.

“நல்ல மனசோடதானே செஞ்சாங்க” என்று இசாவோ அன்றைக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “என்னை ஒரு வார்த்தை கேக்காமத் தூக்கினாங்க. அவமானமா இருந்துச்சு” என்றாள் அவள். இவள் கொஞ்சம் அதிகமாகத்தான் எடுத்துக்கொள்கிறாள் என்று அவர் மனதுக்குள் ஒரு எண்ணம் உட்கார்ந்துவிட்டது. வெளியே சொல்லத்தான் தைரியமில்லை.

இப்போது அவளாகவே ஒரு ஆசை சொன்னாள். டிவியில் ஹிராமினேயின் திராட்சைப் பந்தல்களைக் காட்டியபோது, “அங்க காத்து நல்லா இருக்கும்ல” என்றாள். அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் வெளியுலகத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. இசாவோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இது கெட்டுப்போனால் இனி வாசற்கதவு அவளுக்குத் திறக்காது என்பதும் அவருக்குப் புரிந்திருந்தது.

விடுதிகளுக்குப் போன் செய்தார். சக்கர நாற்காலி என்றதும் எதிர்முனையில் பல் இடுக்கால் காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்கும். “அது வந்து... கொஞ்சம்...” என்று இழுப்பார்கள். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மரியாதை இல்லையாம். இழுத்துக்கொண்டே இருந்தால் நீங்களே புரிந்துகொண்டு போனை வைத்துவிட வேண்டும். இசாவோவும் மரியாதையாக வைத்துக்கொண்டே வந்தார்.

கடைசியாக அமெமியா என்ற அம்மாள் எடுத்தார். சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் ஒயின் போட்டு, நாலைந்து அறைகளை வாடகைக்கு விடும் குடும்பம்.

“வாங்க, வாங்க! எப்படியாவது பண்ணிடலாம்!”

அந்த ‘எப்படியாவது’தான் இசாவோவைக் கேள்வி மேல் கேள்வி கேட்க வைத்தது.

“வாசல்ல படி இருக்குங்களா?”

“ஒரே ஒரு படி. அதெல்லாம் ஒரு படியா?”

“குளியலறைக் கதவு எவ்வளவு அகலம்?”

“அகலந்தான் சார். என் பெரிய பையனே உள்ள போறான். அவனை நீங்க பார்த்ததில்லை, பார்த்தா நம்புவீங்க.”

சக்கர நாற்காலி யாருக்கு என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. பெண்டாட்டியைப் பற்றி அந்நியரிடம் பேசக் கூச்சப்படுகிற தலைமுறை இசாவோவுடையது. “பேர் நகுமோ. நாங்க ரெண்டு பேர், ஒரு சக்கர நாற்காலி” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

இசாவோ நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் முன் வாத்தியார் ஒருவர் அந்தப் பாதை முழுக்கப் போய், கழிப்பறை எங்கே, படி எங்கே, எந்த இடத்தில் எந்தப் பயல் காணாமல் போவான் என்று பார்த்துவிட்டு வருவது அங்கே வழக்கம். முன்னோட்டம் பார்க்காமல் பள்ளிக்கூடப் பேருந்து நகராது. பிள்ளைகளுக்குச் செய்ததை மனைவிக்குச் செய்யாமல் விடுவாரா? பழைய சகாக்களைப் பார்க்கப் போவதாக அவளிடம் புளுகிவிட்டு, பரணில் கிடந்த ஆஸ்பத்திரி காலத்துப் பழைய நாற்காலியைக் காரில் போட்டுக்கொண்டு, தச்சிகாவா ஸ்டேஷனுக்கு வந்தார். காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டே ஹிராமினே வரை போய் எல்லாவற்றையும் அளந்துவிட்டு வருவது திட்டம்.

லிப்டுக்குள் நுழைந்ததும் வாத்தியார் புத்தி விழித்துக்கொண்டது. உட்கார்ந்தபடி பட்டன் எட்டுமா? உட்கார்ந்து பார்த்தார். எட்டியது. எழுவதற்குள் லிப்ட் மேலே போய்க் கதவு திறந்துவிட்டது. வெள்ளைக் கையுறை போட்ட ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் எதிரே நின்று குனிந்து வணங்கினார்.

“எந்த ஸ்டேஷன் போறீங்க ஐயா?”

“ஹிராமினே. ஆனா நான் வந்து...”

“உடனே ஏற்பாடு பண்றோம். காக்க வெச்சதுக்கு மன்னிக்கணும்.”

இசாவோ வாயைத் திறப்பதற்குள் அந்த ஆள் போனில் எந்தப் பெட்டி, எந்தக் கதவு என்று ஹிராமினேக்குச் சொல்லி முடித்திருந்தார். இன்னொருவர் மடக்குப் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். இத்தனை பேர் ஓடிய பிறகு, “எனக்கு நடக்க வரும், சும்மா உட்கார்ந்து பார்த்தேன்” என்று எந்த வாயால் சொல்வது? ரயில் ஏறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம் எழுந்துகொள்ளலாம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். ஏறியதும் பக்கத்துச் சீட்டுப் பெண்மணி இடம் ஒதுக்கித் தந்து, இரக்கத்தோடு புன்னகைத்தாள். எழுந்துகொள்ள முடியவில்லை.

ஹிராமினேயில் வெறிச்சோடிய பிளாட்பாரத்தில் ஸ்டேஷன் ஊழியரான ஒரு பெரியவர் பலகையோடு சரியாக அந்தக் கதவுக்கு நேரே நின்றிருந்தார். எங்கே போகிறார் என்று கேட்டு அவரே அமெமியா வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார், வேன் வந்துவிட்டது. ஒரு பொய்கூடச் சொல்லாமல் இசாவோ பொய்யில் கழுத்தளவு இறங்கியிருந்தார்.

விடுதி வாசலில் படி ஒன்றல்ல, இரண்டு. முதல் படியைப் படி என்றே அந்த வீட்டில் யாரும் எண்ணுவதில்லை போலும். இசாவோ அதைப் பார்த்து, “கொஞ்சம் இருங்க” என்று சொல்லத் தொடங்கினார். அதற்குள் பெரிய மகன் கோஹெய்யும் அவன் தம்பியும், ஒயின் கிடங்கில் வேலை செய்யும் ஆளும் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு கை அக்குளுக்குள் வந்தது. ஒரு கை தொடையைப் பிடித்தது. அந்தத் தொடை அவருடையது என்பதே பிடித்தவனுக்குத் தெரிந்ததாகப் படவில்லை. “ஹேய்ஸ்!” தரை நழுவியது. சட்டை மேலேறி வயிறு வெளியே வந்தது. கூரை உத்திரத்தைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. எங்கே இறக்குவார்கள், எப்போது இறக்குவார்கள், தெரியாது. யாரும் சொல்லவுமில்லை. அவருடைய தலைக்கு மேலாக அவர்கள், “உன் பக்கம் தூக்குடா”, “இந்தப் பக்கம் கனம்” என்று பேசிக்கொண்டார்கள். இறக்கி வைத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அமெமியா அம்மாள்தான் எல்லோரையும்விட பலமாகத் தட்டினார்.

இசாவோவின் முகம் நெருப்பாய் எரிந்தது. ஆத்திரத்தில் அழுகை வந்தது. ஓய்வு பெற்ற வாத்தியார், முன்பின் தெரியாத வீட்டு வாசலில், கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்.

“இனிமே தூக்காதீங்க. யாரையும் தூக்காதீங்க. பலகை போடுங்க.”

அமெமியா அம்மாளின் கை பாதியில் நின்றது. “நல்லதுன்னு நினைச்சுத்தான்...”

“தெரியுது. நல்லதுன்னு நினைச்சுத்தான் எல்லாரும் தூக்குறாங்க.”

அம்மாள் மண்டியிட்டுத் தரையில் நெற்றி பட மன்னிப்புக் கேட்டார். மகன்களின் தலையையும் பிடித்து அழுத்தினார். இப்போது எழுந்து நின்று உண்மையைச் சொன்னால் அந்த அம்மாள் உயிரோடு செத்துப்போவார் என்று இசாவோவுக்குத் தோன்றியது. உட்கார்ந்தபடியே படியை அளந்தார், குளியலறைக் கதவை அளந்தார், உட்கார்ந்தபடியே ரயிலேறித் திரும்பினார். தச்சிகாவாவில் கார் நிறுத்துமிடத்துத் தூணுக்குப் பின்னால் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் திருடனைப் போல எழுந்து நின்றார்.

அதற்குப் பிறகு அமெமியா அம்மாள் அடிக்கடி போன் செய்தார். சரிவு கட்டியாகிவிட்டது, பழைய ஒயின் பீப்பாயின் பலகையாம். குளியலறைக் கதவைக் கழற்றித் திரை போட்டாயிற்று. கோஹெய் ஒரு நாற்காலியைக் கடன் வாங்கி அதில் உட்கார்ந்து ஏறி இறங்கிப் பார்த்தானாம், இரண்டு தடவை விழுந்தானாம், சாய்வைக் குறைத்தார்களாம். ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லிவிட இசாவோ வாயெடுப்பார். ஒவ்வொரு தடவையும், “மிக்க நன்றி” என்றே அது வெளியே வரும்.

யசுயோவிடமும் சொல்லவில்லை. அவளோ ஒவ்வொரு நாளும் ஒரு துணியைப் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். வைக்கிற நாளெல்லாம் இசாவோ நிம்மதியாகத் தூங்குவார். எடுக்கிற நாளெல்லாம் அவரும் விழித்துக்கிடப்பார்.

புறப்பட்ட நாளன்று ரயிலில் யசுயோ கைப்பிடியை விடவே இல்லை. இசாவோவுக்கு வேறு பயம். அந்தப் பிளாட்பாரப் பெரியவர் இன்று விடுமுறையில் இருக்க வேண்டுமே என்று தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டார்.

பெரியவர் இருந்தார். பலகையோடு, அதே கதவுக்கு நேரே. யசுயோ தானாகவே சக்கரத்தை உருட்டிப் பலகையில் இறங்கினாள். யாரும் தொடவில்லை. அவள் முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்தது. அவளுக்குப் பின்னால் இசாவோ இறங்கினார், இரண்டு காலால்.

பெரியவரின் தொப்பி சரிந்தது. “ஐயா! நீங்க... நடக்கறீங்க!”

“அது வந்து...”

“அன்னைக்குப் பார்த்தப்ப நாற்காலியில... அடேயப்பா! என் கண்ணையே நம்ப முடியலையே!” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அமெமியா வீட்டுக்குப் போன் போட்டார். “நகுமோ ஐயா நடந்து வர்றாரும்மா! ஆமா, நடந்து!”

யசுயோ மெல்லத் திரும்பி இசாவோவைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வேனில் வழி முழுக்கப் பந்தல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஓட்டிய கோஹெய் மட்டும், “எந்த டாக்டர் சார்? எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். இசாவோ திருதிருவென விழித்தார்.

விடுதி வாசலில் குடும்பமே கூடியிருந்தது. இசாவோ வேனிலிருந்து இறங்கி நின்றதுதான் தாமதம், கைதட்டல் எழுந்தது. கிடங்கு ஆள் விசில்கூட அடித்தான். அமெமியா அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கூட்டத்துக்கு ஓரமாக, யாரும் கவனிக்காமல், யசுயோ புதுப் பலகைச் சரிவில் தன் கையாலேயே ஏறி உள்ளே போனாள். அவள் கேட்டது அதேதான், யாரும் தொடாமல், யாரும் பார்க்காமல் ஒரு வாசலைத் தாண்டுவது. ஆனால் இப்படிக் கேட்கவில்லை.

பிறகுதான் அம்மாள் திடுக்கிட்டு ஈரத்துணியோடு ஓடிவந்தார். செருப்பைக் கழற்றுகிற இடத்தில் அவள் சக்கரங்களைத் துடைத்துக்கொண்டே, “பாவம், இவர் எழுந்தாரு, நீங்க உட்கார்ந்துட்டீங்களேம்மா” என்று மூக்கை உறிஞ்சினார். யசுயோ புன்னகைத்தாள். நூடுல்ஸ் கடையில் நன்றி சொன்னபோதும் அவள் முகத்தில் இதே புன்னகைதான் இருந்தது.

அறைக் கதவு சாத்தியதும் யசுயோ, “சொல்லுங்க” என்றாள்.

இசாவோ தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னார். லிப்ட், வெள்ளைக் கையுறை, தூக்கியது, சட்டை ஏறியது, கைதட்டல், அழுதது, தூணுக்குப் பின்னால் எழுந்து நின்றது வரை.

“தூக்கினப்ப எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“செத்துடலாம்போல இருந்துச்சு. யசுயோ, உனக்கு அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது.”

அவர் இதைப் பெரிய பரிசைப்போல நீட்டினார். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று உண்மையிலேயே நினைத்தார்.

யசுயோ குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். “அப்பத்தானா?”

“ஆமா...”

“நான் அன்னைக்கே சொன்னேன்ல. வீட்டுக்கு வந்து, இதே வாயால சொன்னேன்ல. ரெண்டு வருஷமா வெளிய வராம சொன்னேன். உங்களுக்குப் புரியறதுக்கு நீங்களே போய் உட்கார வேண்டியிருந்துச்சா? நான் சொன்னது பத்தலையா?”

கணக்கு வாத்தியார் எத்தனை தடவை கூட்டிப் பார்த்தாலும் விடை ஒன்றுதான் வந்தது. அவர் அவளை நம்பவில்லை.

“நீங்க தூணுக்குப் பின்னாடி போய் எழுந்து நின்னீங்க. எனக்கு எந்தத் தூண் இருக்கு?”

அவள் சக்கரத்தைத் திருப்பினாள்.

“எங்க போறே? வீட்டுக்கா? இரு, நான் வேன் கேக்கறேன்...”

“நீங்க போய் அந்த அம்மாகிட்ட உண்மையைச் சொல்லுங்க. நான் வெளிய போறேன். என் பின்னாடி வராதீங்க.”

அவள் சரிவில் இறங்கி, பந்தல்களுக்கு நடுவே கீழ்நோக்கிப் போகும் சாலையில் இறங்குவதை இசாவோ ஜன்னல் வழியாகப் பார்த்தார். இறங்குவது சுலபம். திரும்பி ஏற அவளால் முடியாது. அவளுக்கும் அது தெரியும்.

அமெமியா அம்மாளிடம் சொன்னார். அம்மாளின் முகம் வெளுத்துப் பிறகு சிவந்தது.

“நான் தரையில தலை வெச்சு மன்னிப்புக் கேட்டேன்” என்றார்.

“ஆமாங்க.”

“அப்பவே எழுந்திருக்கலாமே சார்.”

“எழுந்திருக்கணும். தைரியம் வரலை.”

அம்மாள் ஒரு தேநீர்க் குவளையில் பெரிய பாட்டிலிலிருந்து ஒயினை ஊற்றினார். இசாவோ முன்னால் வைக்காமல் தானே குடித்தார். “சரிவு நிஜந்தான். அது இருக்கட்டும்” என்றுவிட்டு அடுப்படிக்குப் போனார். இசாவோவுக்கு அடி வாங்கியதைப் போல இருந்தது. வாங்க வேண்டியதுதான் என்றும் இருந்தது.

பொழுது சாய்ந்தது. பூசணிக்காயும் பட்டை நூடுல்ஸும் கொதிக்கும் வாசனை வீடு முழுக்கப் பரவியது. யசுயோ வரவில்லை. இசாவோ வாசலில் செருப்பைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். போனால் அவள் சொன்னதை மறுபடியும் நம்பவில்லை என்றாகும். போகாவிட்டால், இருட்டில் எந்தச் சரிவில் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறாளோ. இரண்டு வருஷத்தில் அவளுக்காக இவ்வளவு பயந்ததில்லை. அவளுக்கு உதவாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரிந்ததும் இல்லை.

சாலைத் திருப்பத்தில் குரல்கள் கேட்டன. வைக்கோல் தொப்பி போட்ட கிழவி ஒருத்தி நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தாள். யசுயோவின் மடியில் ஒரு பெரிய பாட்டில் கிடந்தது. உள்ளங்கை சிராய்த்திருந்தது, பாவாடை ஓரத்தில் சேறு. கன்னம் சிவந்திருந்தது. குடித்திருந்தாள்.

“இந்தா, உன் வீட்டுக்காரர். நடக்க ஆரம்பிச்சவரு இவருதானா?” என்று கிழவி சிரித்தாள். ஊருக்கே விஷயம் போயிருந்தது. நாற்காலியை விட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி இறங்கிப் போனாள்.

“தள்ளிட்டு வந்தாங்களே...” இசாவோவின் குரல் உடைந்தது. “உனக்கு...”

“நான் கேட்டேன். கேட்டப்புறம் தள்ளினாங்க. ‘எங்க பிடிக்கட்டும்’னு கேட்டாங்க.” அவள் மூச்சு வாங்கினாள். “திராட்சை விவசாயிங்க சங்கத்துக் கொட்டகையில படி இருந்துச்சு. உள்ள போக முடியலை. வெளியவே குவளையைக் கொண்டுவந்து குடுங்கன்னேன். குடுத்தாங்க. எல்லாரும் வெளிய வந்து உட்கார்ந்துட்டாங்க. குளிருதுன்னு திட்டிக்கிட்டே குடிச்சாங்க.”

இசாவோ தலை குனிந்தபடி நின்றார்.

“அடுத்த மாசம் புது ஒயின் திறக்கறாங்களாம். அந்தக் கிழவி வீட்டுலயே தங்கச் சொன்னாங்க. வரேன்னு சொல்லிட்டேன்.”

“நாம ரெண்டு பேருமா?”

யசுயோ அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இன்னும் அப்படியே இருந்தது. அது அவ்வளவு சீக்கிரம் போகப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

“நான் வருவேன். நீங்க வரணும்னா வாங்க. ஆனா நடந்தே வாங்க.”

சக்கரத்தை உருட்டிச் சரிவில் ஏறத் தொடங்கினாள். பாதியில் கை வழுக்கி நாற்காலி ஒரு சாண் பின்னால் வந்தது. இசாவோவின் இரண்டு கைகளும் தாமாகவே முன்னால் நீண்டன. அவர் அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“எங்க பிடிக்கட்டும்?” என்று கேட்டார்.

“எங்கயும் வேண்டாம்” என்றாள் யசுயோ, மறுபடி தள்ளத் தொடங்கினாள்.